கோசோங்

காலை நாலு மணி பத்து நிமிடம்.
ஈசூன் புளோக்கில் தாழ்வார விளக்குகள் மட்டும் விழித்திருக்கின்றன.
குளியலறை வாசலில் குந்தியிருக்கிறேன்,
கையில் கையுறை, துளைக் கரண்டி,
எதிரே பூனையின் மணல் தட்டு.
டிப்போவில் முதல் பேருந்தை எடுக்குமுன்
இதை எடுத்தாக வேண்டும்.

மணலில் கிடப்பது உடனே ஒட்டாதாம்.
வெளியே விழுந்தபின் முற்றுவதற்கு
ஒரு நாளாவது பிடிக்குமாம்.
அந்த ஒரு நாளுக்குள்
அள்ளி, முடிச்சிட்டு,
குப்பைக் குழாயில் தள்ளிவிட வேண்டும்.
பதினோரு வருடமாகக் கால அட்டவணை பார்த்து ஓட்டுகிறவன் நான்.
ஒரு பயணி ஏறிவிடக் கூடாதென்று
முந்திக் கிளம்புவது இப்போதுதான்.

பெயர் வைத்தது கௌசிகா.
கீழ்த்தளத்தில் சைக்கிள்களுக்கு இடையில்
கன்னங்கரேலென்று நடுங்கிக்கொண்டிருந்ததை
சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தாள்.
"பாலும் இல்ல, சீனியும் இல்ல,
கோப்பி ஓ கோசோங்" என்றாள்.
எனக்குத் தும்மல் வந்தது.
சோபாவில் என் பக்கம் அதற்குப் போனது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோராவது வாரம், ரத்தப் பரிசோதனை முடிவு.
தாதி ரொஹாயா திரையைப் பார்த்துச் சொன்னார்:
"கோசோங்."
இருவரும் திரும்பிப் பார்த்தோம்,
இது எப்படி இங்கே வந்ததென்று.

அந்த ஒட்டுண்ணியை
அவள் உடம்பு இதுவரை சந்தித்ததில்லையாம்.
முன்பே சந்தித்திருந்தால்
ஒரு காவல் இருந்திருக்குமாம்.
"அப்ப வெறுமையா இருக்கிறது
நல்லதா, கெட்டதா?" என்றாள் கௌசிகா.
"பிள்ளை பிறக்கும்வரை
சந்திக்காமலே இருந்துட்டா நல்லது."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்,
ரொம்பவும் அக்கறையான குரலில்:
"பூனையை எங்கயாவது விட்டுடலாமா?"
எழுதி வைக்கிறேன், மறைக்கவில்லை.
அக்கறை பாதி.
மீதி, சோபா.

தாதி என்னை ஒரு கணம் அளந்தார்.
வீட்டைத் தாண்டாமல்
டின் மீன் தின்னும் பூனையைவிட
நடு வேகாத ஆட்டிறைச்சிக்கும்
கழுவாத கீரைக்கும்தான் பயப்படணும் என்றார்.
"பூனை இருக்கட்டும்.
தட்டை நீங்க அள்ளுங்க."
பேருந்தில் யாரோ மணி அழுத்தியதுபோல் இருந்தது.
நிறுத்தாமல் போக முடியாது.

அன்றிலிருந்து
கங்கோங் கீரையின் காம்புக் குழலுக்குள்ளும்
தண்ணீர் பாய்ச்சுகிறேன்.
இறைச்சிக்கு ஒரு பலகை, வெள்ளரிக்கு ஒரு பலகை,
மாறிப்போகாமலிருக்க ஒன்றில் சிவப்பு டேப்.
டெரன்ஸ் கல்யாண விருந்தில்
அவள் தட்டிலிருந்த ஆட்டுத்துண்டு உள்ளே ரோஜா நிறம்.
பணியாளரைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.
மேசை முழுக்க என்னைப் பார்த்தது.
கௌசிகா பார்க்கவில்லை,
திரும்பி வந்த கரிந்த துண்டை
கோபத்தோடு மென்றாள்.

தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியை
வெறுங்கையால் கிளறுவதை மட்டும்
இரண்டு முறை கையும் களவுமாகப் பிடித்தேன்.
"மண்ணு வாசனைக்குதான்," என்றாள்,
நகக்கண்ணில் கறுப்போடு.
அடுத்த நாள்
பூப்போட்ட கையுறை வாங்கி வந்தேன்.
எனக்குத்தான் சரியாக இருந்தது.

இருபத்தெட்டாவது வாரம், மறுபடியும் ரத்தம்.
மறுபடியும் கோசோங்.
அந்தச் சொல்லை
அன்று ஓட்டம் முழுவதும் வாய்க்குள் வைத்திருந்தேன்.
டிப்போவில் சக ஓட்டுநர் பழனியாண்டி கேட்டார்,
"வீட்டுல என்ன விசேஷம்?"
"ஒண்ணும் நடக்கல," என்றேன்.
இவ்வளவு பெருமையாக
அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை போல,
மனிதர் ஒரு மாதிரி பார்த்தார்.

நாலு பதினைந்து.
முடிச்சிட்ட பை ஒன்பது மாடி இறங்கும் சத்தம்
கேட்டு முடியும்வரை நிற்கிறேன்.
சோப்பு, முழங்கை வரை தண்ணீர்.
அறைக்குள் அவள் புரண்டு படுக்கிறாள்,
வயிற்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு.

கோசோங்
சுத்தமான மணலை முகர்ந்து பார்க்கிறது.
என்னைப் பார்க்கிறது.
ஏறி, நிதானமாக,
இன்றைய வேலையைத் தொடங்குகிறது.