பதினொரு பேர்

ஐம்பது படிவம் வேண்டும் என்றது பாடத்திட்டம்.
கிடைத்தது முப்பத்தொன்பது.
மிச்சப் பதினொரு பேரை
ரீகா ரயில் நிலையத்துக்கு எதிரே
காபிக் கடையின் மூலை மேசையில்
நானே பெற்றெடுத்தேன்.
சுகப்பிரசவம். முக்கால் மணி நேரம்.

ஸ்கைத்ரீத்தே, நாற்பத்து மூன்று, செவிலி.
டிராமில் தொங்கும் கைப்பிடி வசதியாக இருக்கிறதா?
இல்லை.
இன்னும் தாழ்வாகத் தொங்கினால் பிடிப்பீர்களா?
கண்டிப்பாக.
ஓல்கெர்ட்ஸ், ஐம்பத்தெட்டு, வெல்டர். கண்டிப்பாக.
ஒரே முகவரியில் இரண்டு மாணவிகள்.
கண்டிப்பாக, கண்டிப்பாக.
என் பிள்ளைகள் ஒருவர்கூட
என் பேச்சைத் தட்டவில்லை.

எப்படித் தட்டுவார்கள்?
கைப்பிடி ஏற்கெனவே மேசைமேல் இருந்தது,
மஞ்சள் ரப்பரில், கண்ணீர்த் துளி வடிவில்,
கேள்விக்கு மூத்த பதிலாக.

டார்த்தா கண்டுபிடித்தாள்,
கூட்டிப் பார்க்கும்போது அல்ல,
தாள்களை அடுக்கும்போது.
"இந்தப் பதினொன்று மட்டும்
எங்குமே கசங்கவில்லையே."

அவள் வாங்கிய தாள்கள்
நிறுத்தத்தில் நின்று குளிரில் வாங்கியவை.
ஒன்றில் பனி விழுந்து மை கரைந்திருந்தது.
ஒன்றில் ஐந்தாம் கேள்வியோடு டிராம் வந்துவிட்டது.
வயது என்ற இடத்தில் ஒருவர்
"போதும்" என்று எழுதியிருந்தார்.
இன்னொருவர் கைப்பிடியைத் தொடவே இல்லை,
பின்பக்கம் முழுக்க
கட்டண உயர்வுக்கு வசவு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.
வரைபடத்தின் தலைப்பில்
ஐம்பதை அடித்து முப்பத்தொன்பது ஆக்கினாள்.
பிறகு ஒரு குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினாள்:
ஏழாம் எண் டிராம்,
காலை ஐந்தரை முதல் எட்டு வரை,
யாரிடமும் எதையும் கேட்காதே.

பிப்ரவரி. ஜன்னலில் மூச்சு உறைந்து
பூவாகிக் கிடந்தது.

5.47. பச்சைத் தொப்பிக்காரர். கை கோட்டுப் பைக்குள்.
திருப்பத்தில் தோளால் கம்பியில் சாய்கிறார்.
5.58. பெண். இரு கையிலும் சந்தைப் பை,
ஒன்றில் பீட்ரூட். பிடிக்க மூன்றாவது கை இல்லை.
6.10. பையன். கையுறையைப் பல்லால் கழற்றி
வாயிலேயே வைத்துக்கொண்டு
இரண்டு கட்டைவிரலாலும் யாருக்கோ எழுதுகிறான்.
6.12. அதே பையன். சிரிக்கிறான். கையுறை விழுகிறது.
6.30. ஒருவர் கைப்பிடியைப் பிடித்தார்!
இல்லை. குடையை மாட்டினார்.

நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒன்பது கைகள்,
அந்த ஒன்பதிலும் நான்கு சந்தேகம்.

மூன்றாம் நாள் அவள் ஏறினாள்.
கனத்த கோட்டுக்குக் கீழே
மருத்துவமனை வெள்ளைச் செருப்பு.
இரவுப் பணி முடிந்திருக்க வேண்டும்.
கழுத்துத் துணியை நாலாக மடித்துக்
கம்பிக்கும் நெற்றிக்கும் நடுவே வைத்து,
ஒரு பாதத்தை இருக்கைக் காலில் முட்டுக்கொடுத்து,
நின்றபடியே தூங்கிப்போனாள்.
தலைக்கு மேலே கைப்பிடி
காலியாக ஆடியது.

ஸ்கைத்ரீத்தே, நீதானா
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கக் கூடாது என்பது விதி.
கேட்டிருந்தாலும் இவள்
கண்டிப்பாக என்று சொல்லியிருக்க மாட்டாள்,
ஏன் எழுப்பினாய் என்றுதான் கேட்டிருப்பாள்.

அந்த நெற்றியை, அந்தத் துணியை, அந்தப் பாதத்தை
அவசரமாக வரைந்துகொண்டிருந்தேன்.
ஒரு கையில் குறிப்பேடு, ஒரு கையில் பென்சில்.
பாலம் ஏறும் இடத்தில் ஓட்டுநர்
எதற்கோ பிரேக்கை மிதித்தார்.
தரை நழுவியது.
பின்னாலிருந்து யாரோ
என் கோட்டின் தலைமூடியை
நாய்க்குட்டியைத் தூக்குவது போலப் பற்றி நிறுத்தினார்,
திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கியும் போனார்.

6.51. மாணவன், இருபத்தொன்று.
கைப்பிடியைப் பிடிக்கவில்லை.
இதுவரை ஒருமுறைகூடப் பிடித்ததில்லை.

அன்றைக்குத்தான் கையுறையைக் கழற்றிவிட்டு
அதைப் பிடித்துப் பார்த்தேன்.
இரும்பு, விரலைக் கடித்தது.

விளக்கக் கூட்டத்தில் ஆசிரியர் வில்னிஸ்
எங்கள் வெறும் மேசையைப் பார்த்தார்.
"என்ன வடிவமைத்தீர்கள்?"
"இன்னும் இல்லை" என்றாள் டார்த்தா.
நெற்றியின் படத்தை மட்டும்
சுவரில் குத்தி வைத்திருந்தோம்.

மஞ்சள் துளி இப்போது என் அறைக் கதவில்.
ஈரக் கையுறை காயப்போட
உயரம் கச்சிதம்.