சத்துமாவில் நடந்தது

வனத்துறைக்காரர் எழுதிக்கொண்டு போனார்:
கதவு ஒன்று. எண்ணெய் ஐந்து லிட்டர்.
சத்துமாவு இரண்டு மூட்டை. வெல்லம், இருந்தது அவ்வளவும்.
கரடி ஒன்று.
கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.
கோத்தகிரிக்குக் கீழே எங்கள் லயத்தில்
பனி இன்னும் தேயிலையை விட்டு எழுந்திருக்கவில்லை.
கதவில்லாத அங்கன்வாடியை அவர்கள் பார்த்ததில்லை.
சகாயமேரி மாவைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்,
தும்மிக்கொண்டே.

"மிஸ், கரடி வந்துச்சாமே?"
பதினோரு வாய், ஒரே கேள்வி.
அட்டவணைப்படி அது வண்ணங்களின் நேரம்.
மஞ்சள் அட்டையைக் கீழே வைத்தேன்.
ராத்திரி நான் இங்கே இல்லையே,
நீங்களே சொல்லுங்கள் என்றேன்.
வாயால் வேண்டாம். சத்தத்தால்.

கிடைத்ததை எல்லாம் நடுவில் கொட்டினேன்.
கரடி கடித்துப் போட்ட எண்ணெய் டின்,
பல் பட்ட இடத்தில் நான்கு ஓட்டை.
அவரை விதை போட்ட தண்ணீர் பாட்டில்.
எவர்சில்வர் தட்டு.
ஓர் உரச்சாக்கு, கசக்கினால் புதர்.

லிங்கேஷ் கசக்கினான், கரடி புதரில் வந்தது.
ஜெனிஷா தட்டைத் தரையில் எறிந்தாள், கதவு போயிற்று.
அந்த வேலை அவளுக்குப் பிடித்துவிட்டது;
கதவு நான்கு முறை போயிற்று.
எண்ணெய் நக்கும் சத்தத்துக்கு
எல்லோரிடமும் நாக்கு இருந்தது.
பிரஜன் உறுமினான்.
டிவியில் வரும் சிங்கத்தின் உறுமல் அது.
போகட்டும் என்று விட்டேன்.

புத்னி எழுந்து வந்து
அவன் வாயைப் பொத்தினாள்.

கொழுந்து பறிக்க வந்த அப்பா அம்மாவோடு
ஜார்க்கண்டிலிருந்து ரயிலேறி வந்தவள்.
'தண்ணி', 'மிஸ்', 'போதும்'.
மூன்று மாதத்தில் எங்களிடமிருந்து
அவள் எடுத்துக்கொண்டது இவ்வளவே.
'கதை சொல்கிறதா' என்ற கட்டத்தில்
அவள் பெயருக்கு நேரே
மூன்று மாதமும் கோடு இழுத்திருக்கிறேன்.
அவள் வீட்டு ஜன்னல்
எங்கள் சமையலறையைப் பார்த்தபடி இருப்பது
அப்போது எனக்கு நினைவில்லை.

டின்னை மடியில் வைத்துக்கொண்டாள்.
உள்ளங்கையால் ஒரு தொம்.
ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் இன்னொரு தொம்.
கரடிக்கு அவசரம் இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது.
ஜெனிஷாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.
ஐந்தாம் முறையாகக் கதவு.
பாட்டிலை மெல்லச் சாய்த்தாள்,
மாவு மூட்டை சரிந்து கொட்டிக்கொண்டே இருந்தது.
பிறகு அவள் தும்மினாள்.
கரடித் தும்மல்.

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள், சகாயமேரியும்.
அவள் சிரிக்கவில்லை. முடியவில்லையே இன்னும்.
சுண்டுவிரல் நகத்தால் டின்னின் விளிம்பில்
டிக்டிக்டிக் டிக்டிக்
ஏதோ ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி
டிக்டிக்
இன்னொரு தும்மல்,
முன்னதில் கால்வாசிகூட இல்லை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.
ஜெனிஷா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

மறுபடி உள்ளங்கை. தொம். தொம்.
வந்ததைவிடக் கனமாகப் போனது.
டிக்டிக் காணோம்.
"சின்னது எங்கே?" என்றேன், தமிழில்தான்,
எனக்கு வேறென்ன தெரியும்.
அவள் கையைப் பின்னால் வளைத்து
தன் முதுகைத் தட்டிக் காட்டினாள்.

சகாயமேரி துடைப்பத்தைப் பார்த்தாள்.
மாவெல்லாம் எப்போதோ வெளியே போய்விட்டது,
அதில் பதிந்திருந்ததும்.

வனத்துறைக்காரருக்குப் போன் போட்டேன்.
சார், எண்ணிக்கை தப்பு. ஒன்று இல்லை, ஒன்றரை.
தாய் குட்டியோடு சுற்றுகிறது,
பறிக்கப் போகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.
யார் பார்த்தது என்றார்.
ஒரு பிள்ளை.
பிள்ளை என்ன சொல்லிச்சு?

போனை டின் பக்கம் நீட்டினேன்.