எழுபத்தாறு நாள் தாமதம்

ஜெலுத்தோங் பக்கம் இடி விழுந்த மாலை
பதினான்காம் மாடியில் மின்விசிறி திரும்பி வந்தது,
குளிர்பெட்டி முனகிக்கொண்டு வந்தது,
கணினி வரவில்லை.
கறுத்த திரையில் ஒரு வெள்ளைக் கோடு
பூட்டிய கதவின் முன் நிற்கிறவள்போல
இமைத்துக்கொண்டே இருந்தது.

கொம்தார் கடையில் வெய் சியாங்
வட்டைக் கழற்றிக் காதோரம் ஆட்டிப் பார்த்தான்,
தேங்காய் வாங்குகிறவனைப்போல.
செத்துப்போச்சு அக்கா என்றான் மலாயில்.
புதுசு இருநூற்றுப் பத்து வெள்ளி.
பழையதையும் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.

நகல் இருந்தது.
பிஸ்கட் டின்னில், பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில்,
காலுறைக்குள் சொருகிய கறுப்புப் பெட்டி.
மேலே என் கையெழுத்து: முழுசும். மார்ச் 9.
கோப்புகள் மட்டும் போதாதா என்று
அன்றைக்குத் திருநாவலன் கேட்டான்.
சாமான்களை யாரும் மூட்டை கட்டிவிடலாம்;
எந்த ஆணியில் எந்தச் சாவி தொங்கியது என்பதை
யார் கட்டுவது என்றேன்.
அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.
பாயான் லெப்பாஸில் இரவு முறை.

எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டினேன்.
நகமளவு பென்டிரைவ் கண் விழித்துக் கேட்டது:
இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?
ஒன்றுமே இல்லாத வட்டு அது.
இருந்தும் கை நின்றது.
எது மூலம், எது இலக்கு?
மூன்று தரம் படித்தேன்.
மாற்றி அழுத்தினால்
இல்லாததை எடுத்து
இருப்பதன்மேல் எழுதிவிடும்.

மூன்று மணி பன்னிரண்டு நிமிடம் என்றது.
நெத்திலி வறுத்தேன்.
இரண்டு மணி என்றது.
இனியாளைத் தூங்கவைத்தேன்.
பிறகு ஒன்பது நிமிடம் என்று சொல்லி
அந்த ஒன்பதிலேயே முக்கால் மணி உட்கார்ந்துகொண்டது.
நீரிணைக்கு அப்பால் பட்டர்வொர்த்தின் விளக்குகளை
இடமிருந்து வலமாக எண்ணினேன்.
தொண்ணூற்றில் ஒரு கப்பல் குறுக்கே வந்து கெடுத்தது.

பதினொன்றரைக்கு விழித்தது,
எதுவுமே நடக்காத முகத்தோடு.
அதே சுவர்ப்படம். அதே இடங்களில் அதே மஞ்சள் சீட்டுகள்.
எதைக் கொடுத்தாலும் இரண்டு தரம் அச்சடிக்கும்
அந்தப் பழைய கோளாறும் உள்ளே பத்திரம்;
நகல் நேர்மையானது, நல்லதை மட்டும் பொறுக்கத் தெரியாது.
கடிகாரம் மட்டும் மே 25 என்று சரியாகச் சொன்னது.
மற்றதெல்லாம் மார்ச்.

இனியாளுக்குப் பல் மருத்துவர்: எழுபத்தாறு நாள் தாமதம்.
அந்தப் பல் ஏப்ரலில் ரொட்டி சானாயைக் கடிக்கும்போது
தானே விழுந்துவிட்டது.
மூன்று லாரிகளுக்குச் சாலைவரி: எழுபத்தொரு நாள் தாமதம்.
கட்டியாயிற்று, அபராதத்தோடு.
கோவைச்செல்வியோடு இனி ஜென்மத்துக்கும் பேச்சில்லை,
இது மஞ்சள் சீட்டில், பெரிய எழுத்தில்.
நேற்று அவள் கொடுத்த பலாப்பழத்தின் மணம்
இன்னும் வீட்டில் நிற்கிறது.
இரு, சொல்கிறேன் என்றேன் திரையிடம், சத்தமாக.

இல்லாமல் போனவை:
பிறை கிடங்கின் பதினோரு வாரக் கணக்கு.
ரசீதுகள் காலணிப் பெட்டியில் கிடக்கின்றன, உட்கார்ந்து ஏற்றிவிடலாம்.
அப்புறம் அந்தக் கடிதம்.
தவுக்கேக்கு, சம்பளத்தைப் பற்றி.
மூன்று இரவு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தது.
தங்கள் சிரமம் அறிவேன் என்று ஒரு பத்தி,
மன்னிக்க வேண்டும் என்று ஒரு பத்தி,
கேட்க வந்தது கடைசியில், வாலைச் சுருட்டிக்கொண்டு.

நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன்.
சிரமம் என்ற சொல்லுக்கு மேல் ஒன்றும் வரவில்லை.
எழுதியதை அழித்தேன்.
ஆறு வருடமாக அதே தொகை. ஜூன் முதல் ஐந்நூறு வெள்ளி கூட வேண்டும்.
பழையதில் முந்நூறு என்றுதான் கேட்டிருந்தேன்.

அச்சுப்பொறி இரண்டு தாள் துப்பியது.
ஒன்றைக் காலையில் எடுத்துப்போகக்
கைப்பையில், செத்த வட்டின் பக்கத்தில் வைத்தேன்.
மற்றது பிஸ்கட் டின்னுக்கு.