ரொட்டிக் கணக்கு

மூன்று மணிக்கு அடுப்பு. ஐந்தரைக்கு வண்டி.
பின்கதவைக் கயிற்றால் கட்டிய வெள்ளைச் சிட்ரோன்.
ஆர்மேலா ஆற்றை நான் வரைபடத்தில் பார்த்ததில்லை,
கியர் மாற்றும் இடங்களாய்த்தான் தெரியும்:
வால்டெமோஸ் பாலத்தில் இரண்டு,
ஆலை வளைவில் ஒன்று,
அதற்குமேல் ஆறு ஓடையாகும், என் வாயிலும்
நல்ல வார்த்தை வற்றிவிடும்.

கீழே வெயில் உண்டு. மக்காச்சோளம், திராட்சைப் பந்தல்,
காசை எண்ணாமல் வாங்கிக்கொள்ளும் பெண்கள்.
முகட்டில் ரையும் காற்றும்,
ஒரு ரொட்டியை எட்டு நாள் வைத்துத் தின்னும் ஆட்களும்.
நடுவில் படிப்படியாய்க் கல்கட்டிய வயல்கள்.
மண்ணைவிடக் கல் அதிகம்,
கல்லைவிட வழக்கு அதிகம்.
கோடையில் தண்ணீர் மணிக்கணக்கில் பிரியும்.
செவ்வாய் இரவு பதினொன்று முதல் ஒன்றரை வரை
பெலார்மீனோவின் முறை.
அவர் வயலில் இப்போது முள்தான்.
ஆனாலும் டார்ச்சோடு போய் மடை திறக்கிறார்.
விட்டால் அடுத்தவன் முறையாகிவிடும்.

கதவில் துணிப்பை தொங்கினால்
உள்ளே ஆள் இருக்கிறது.
மக்கள்தொகை எடுக்க வந்த பையன்
மலையேறச் சோம்பி
என் நோட்டைப் பார்த்தே எழுதிக்கொண்டு போனான்.

அது மாமனார் காலத்து நோட்டு.
நாற்பத்திரண்டாம் வருஷப் பக்கத்தில்
நாளுக்கு எண்ணூறு. அத்தனையும் வெள்ளை ரொட்டி.
மலைக்குள் கறுப்புக் கல் அகப்பட்ட வருஷம், வுல்ஃப்ரம்.
இந்தக் கரையில் ஜெர்மன்காரன் வாங்கினான்,
அந்தக் கரையில் ஆங்கிலேயன்.
ஒரே மூட்டையை இருவருக்கும் விற்ற அதேரிட்டோ
எஸ்குடோ நோட்டில் சுருட்டுப் பற்றவைத்தானாம்.
நாற்பத்தைந்தில் அவன் பெயர் கடன் பக்கத்தில்:
அரை ரொட்டி. அரை ரொட்டி. அரை ரொட்டி.

பிறகு பக்கங்களே மெலிகின்றன.
கள்ளத்தனமாய் எல்லை தாண்டி
பிரான்ஸுக்குப் போனவர்கள்
புகைப்படத்தை இரண்டாய்க் கிழித்து
பாதியை வீட்டில் விட்டுப் போனார்கள்.
மறுபாதி தபாலில் வந்தால் ஆள் போய்ச் சேர்ந்தான்,
வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கலாம்.
ஸுல்மீரா வீட்டு அலமாரியில்
ஓர் இடது காதும் தோளும் அப்படியே இருக்கின்றன.
தனியாள்தான். இரண்டு ரொட்டி வாங்குகிறாள்.
நான் கேட்டதில்லை.

நேற்றைய கணக்கு முப்பத்தொன்பது.

இன்று ஆலை வளைவில் தகரக் கொட்டகை,
மஞ்சள் சட்டைக்காரர்கள், துளையிடும் இயந்திரம்,
பழப்பெட்டியில் அடுக்கியது போல்
உருளை உருளையாய் வெளிறிய கல்.
லித்தியம், என்றான் பொறியாளன்.
உங்கள் வண்டியும் ஒருநாள் இதில்தான் ஓடும்.
தினம் அறுபது ரொட்டி வேண்டும், சனிக்கிழமையும்.

பதில் சொல்லாமல் மேலேறினேன்.
பெலார்மீனோ சுவரில் சுண்ணாம்பால் எழுதியிருந்தார்,
சுரங்கம் வேண்டாம் என்று, ஓர் எழுத்து விட்டுப்போய்.
அடுத்த கதவு அவர் தங்கை டியோலிண்டா.
அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள், கூரைக்குப் புது ஓடு.
பேச்சு நின்று நாற்பது நாள்.
இரண்டு பைகளும் நடுச்சுவரில்
இன்னும் ஒரே ஆணியில்தான்.

எண்ணூறு சுட்ட வருஷத்தில்
மாமனார் கொல்லையில் இரண்டாம் அடுப்புக் கட்டினார்.
இப்போது அதில் கோழிகள்.
சாயங்காலம் விளக்குமாறோடு போய் விரட்டினேன்.
எல்லாம் ஓடின.
சாம்பல் நிறத்து ஒன்று மட்டும் அசையவில்லை,
அடியில் பதினொரு முட்டை.
கையை நீட்டினேன், கொத்தியது.

பொரிக்க இன்னும் பதினாறு நாள்.
அதுவரை ஓர் அடுப்புதான்,
முப்பத்தொன்பதுதான் என்று
காலையில் பொறியாளனிடம் சொல்ல வேண்டும்.