231-ஆம் பார்வையாளர்

நவம்பர் பதினான்கு என்றார்கள்.
மீன் ஆலையில் அன்றைக்கு விடுப்பு கேட்டு
ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்: கட்டுமானப் பணி.
மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார்.
பொய் ஒன்றும் இல்லையே.

ஈசாஃப்யோர்துர் ஊருக்கு
மூன்று பக்கம் மலை, மிச்சம் கடல்.
சமதரை என்று பார்த்தால்
விமான ஓடுபாதை, கால்பந்துத் திடல், கல்லறை.
இங்கே ஒரு ராட்டினம் நிறுத்துவதென்றால்
யாரையாவது இடம்பெயர்த்தாக வேண்டும்,
உயிரோடோ இல்லாமலோ.
புதிய விளையாட்டிலோ முதல் திரையிலேயே
கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சைப் பொட்டல்.
எல்லைத் தகராறு கிடையாது.

முன்னோட்டத்தை நாற்பது தடவை பார்த்தாயிற்று.
ஐம்பத்தெட்டாம் விநாடியில் நிறுத்தினால்
பின்னால் ஒரு துப்புரவாளர்
துடைப்பத்தில் சாய்ந்து வானம் பார்ப்பார்.
ஏன் பார்க்கிறார்? மழை உண்டோ?
மழை இருந்தால் குடைக்கடை வைக்கலாம்,
தூறல் விழுந்ததும் விலையை இரட்டிக்கலாம்.
ஆயுளில் யாரையும் ஏமாற்றாத நான்
இருட்டில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொள்கிறேன்.

பகலெல்லாம் வெளிச்ச மேசை.
அடியிலிருந்து விளக்கெரிய
காட் மீனின் சதை பால்கண்ணாடியாகும்.
உள்ளே சுருண்டிருக்கும் புழுவைக்
கத்திமுனையால் எடுக்க வேண்டும்.
ஒவ்வொரு சுருளும் எனக்கு ஒரு தண்டவாளம்:
இறக்கம், இரட்டைத் திருகு,
சட்டென்று ஏரிக்குள் ஒரு சுரங்கம்.
"புழுவைப் பார்த்தா சிரிக்கிறாய்?"
பக்கத்து மேசை கிராழினா, போலந்துக்காரி.
சம்பளச் சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினேன்.
உயரத்தைப் பார்த்து அவள் அசரவில்லை.
"கழிப்பறை எங்கே?" என்றாள்.
அன்று முதல் அவள் பங்குதாரர்.

அக்டோபர் கடைசியில் வந்தது அறிவிப்பு.
மன்னிக்கவும், மெருகேற்றக் காலம் தேவை,
ஜனவரி இருபத்தைந்து.
எங்கள் ஊரில்
அது வெயில் திரும்பும் தேதி.
இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் இருந்துவிட்டு
சூரியன் தெருவில் கால் வைக்கும் நாள்.
வீட்டுக்கு வீடு மெல்லிசாக அப்பம் வார்த்து
காப்பியோடு தின்போம்.
மேகம் மறைத்தாலும் தின்போம்.
ஆகவே எனக்குக் கோபம் வரவில்லை,
அல்லது வந்தது, அரை மணி நேரம்.

விடுப்பை மட்டும் யாரும் ஒத்திவைக்கவில்லை.
பதினான்காம் தேதி செய்வதற்கு ஒன்றுமில்லாமல்
அலமாரி அடியிலிருந்து
பழைய கணினியை இழுத்தேன்.
தம்பி ஓர்வாரும் நானும் கட்டிய பூங்கா
ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அப்படியே நின்றிருந்தது.
ராட்டினம் பழுது. கடன் கழுத்துவரை.
வடகிழக்கு மூலையில், பாதையற்ற புல்லில்
ஒருவர், கையில் சிவப்பு பலூன்,
நான்கடி போய் நான்கடி திரும்பிக்கொண்டிருந்தார்.

அது ஓர்வாரின் வேலை.
என்ன செய்கிறார் பார்ப்போம் என்று
முன்னும் பின்னும் பாதையைப் பெயர்த்தெறிந்தான்.
பார்த்தோம், சிரித்தோம், சாப்பிடப் போனோம்.
பத்தொன்பது வருடம்.
கணினி அணைந்திருந்தால் நேரம் ஓடாது என்பான் அவன்.
இப்போது இழுவைப் படகில் இருக்கிறான்,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை கரை.

சொடுக்கினேன். பார்வையாளர் 231.
நினைப்பு: வீட்டுக்குப் போக வேண்டும்.
நினைப்பு: வீட்டுக்குப் போக வேண்டும்.
நினைப்பு: தாகமாக இருக்கிறது.

பாதை, கட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டு.
கையிருப்பு ஒன்பது.
மோதுகார் கொட்டகையை இடித்து விற்றேன்,
நாங்கள் சண்டைபோட்டு நிறம் தேர்ந்தது.
பதினோரு கட்டம், வாசல்வரை.
அவர் உடனே பார்க்கவில்லை.
பழக்கதோஷத்தில் இன்னும் இரண்டு தடவை
நான்கடி போய்த் திரும்பினார்.
பிறகு ஏறினார்.
வாசலில் கடைசியாக ஒரு குமிழ்:
இந்தப் பூங்கா ரொம்பச் சுத்தம்.

கட்டம்போட்ட தாளில் ரயிலை அழித்தேன்.
முதலில் வாசல், அதற்கு அகலமான பாதை.
அடுத்தது கிராழினா கேட்டது.
மற்றதற்கெல்லாம் இன்னும்
எழுபத்திரண்டு நாள் இருக்கிறது.