முப்பத்தோராம் நொடி

லாங்மான்ட்டில் இன்றும் பனி.
தெருவை வழித்துக்கொண்டு போன வண்டி
வழித்ததையெல்லாம் என் கார் முன் குவித்திருக்கிறது.
வீட்டிலிருந்தே வேலை.

முப்பது நொடி பார்த்தது டிரைவர்.
வட்டு வாய் திறக்கவில்லை.
சரி போ என்று
வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.
அங்கே உடனே வேறொருவர் குடிவந்தாயிற்று.

முப்பத்தோராம் நொடியில் வட்டு பதில் சொன்னது,
பழைய விலாசத்துக்கு.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்டுகள்
முன்பின் தெரியாதவர் அடுப்பங்கரையில்
மூட்டையோடு வந்து இறங்கின.

எழுதியவள் நான்தான், ஆறு வருஷத்துக்கு முன்.
தோல்விக் கிளையில் என் குறிப்பு:
"இங்கே வர வாய்ப்பே இல்லை."
ஓமஹாவில் ஒரு ரத்த வங்கியின் சர்வர்
நேற்று இரவு மட்டும் ஒன்பது முறை
இங்கே வந்திருக்கிறது.

திருத்தம் பெரிதில்லை.
இனி எழுதமாட்டாயே என்று முதலில் வட்டிடம் கேள்.
மாட்டேன் என்ற பிறகு இடத்தை விடு.
கடைசியாக எடுத்ததை முதலில்,
வளையல் கழற்றுகிற மாதிரி.
பிறகு, எல்லாம் சுகம் என்று சுழியம் அனுப்பாமல்
நடந்ததை நடந்தபடி மேலே சொல்.
பதினோரு வரி.
அந்தக் குறிப்பை மட்டும் அழிக்காதே, சிரிக்க வேண்டும்
என்றான் வெண்டல்.
அழித்தேன்.

நாலு மணிக்குத் தபால்.
மார்லீன் சட்பெக்குக்கு மறுபடி ஒன்று.
எனக்கு முன் இங்கே இருந்தவள்.
போன வருஷத்திலிருந்து அவள் கடிதங்களை
இழுப்பறையில் போட்டு மூடிக்கொண்டிருக்கிறேன்.
திறந்தேன். பதினான்கு.
இரண்டில் கண் ஆஸ்பத்திரி முத்திரை.

ஒவ்வொன்றின் மேலும் எழுதினேன்,
இந்த விலாசத்தில் இல்லை.
பத்தாவது உறையில் பேனா நின்றுவிட்டது.
மீதிக்குப் பென்சில்.