ஒரு றாத்தல்

"சும்மாதான் எடுத்தனான்" என்கிறார்கள்
எல்லோரும் முதலில்.
சும்மா என்ற சொல்லுக்குப் பின்னால்
ஓர் ஆள் ஒளிந்து நிற்க இடமிருக்கிறது.

பெயர் கேளாதே. விலாசம் கேளாதே.
அறிவுரை சொல்லாதே.
பதினைந்தாம் நிமிடம் விடைபெறு.
சூம் வகுப்பில் இரண்டு நாள் படித்தது இவ்வளவுதான்.
சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
வெறும் காஸ் சிலிண்டரின் மேல் இருக்கிறேன்,
மடியில் படிவம்.

முப்பத்தோராவது அழைப்பு.
ஹோட்டலில் விருந்து பரிமாறுகிறவராம்.
மனுசியும் பிள்ளைகளும் ஊரடங்குக்கு முதல்நாள்
பசறைக்குப் போனவர்கள், அங்கேயே நிற்கிறார்கள்.
ஹோட்டல் பூட்டு.
ஆனாலும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி
வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுகிறார்.
நாற்பத்தாறு நாள். அதே சட்டை.

"இண்டைக்குப் பெட்டியை நிமித்தி வைக்க
மனம் வரேல்லை மிஸ்.
கவிட்டு வச்சிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இப்பவுமோ?
"ஓம்."
மணக்குதோ?
"கொஞ்சம்."

வகுப்பில் இதற்குப் பக்கம் இல்லை.
என் குரலை நானே பிடித்துக்கொண்டேன்,
கொதிக்கும் சட்டியைச் சீலைத் துண்டால் பிடிப்பதுபோல.

அந்த மௌனத்துக்குள்
அவருடைய ஜன்னலுக்கு வெளியே
பாண் ஓட்டோவின் பாட்டு வந்தது.
பற்றரி இறங்கிய பாட்டு.
நாலாவது சுரத்தில் இடறி விழுந்து
மறுபடி முதலிலிருந்து.

"பாண் வருது."
வாங்கப் போறீங்களோ?
"சில்லறை இல்லை."

பிறகு, நீண்ட நேரத்துக்குப் பிறகு,
"பொறுங்கோ."
டக்.
சுவிட்சாக இருக்கலாம்.
கதவாகவும் இருக்கலாம்.
திரும்பி வந்தவர் சட்டையைப் பற்றித்தான் பேசினார்.
முதுகில் பழுப்பாய் ஒரு முக்கோணமாம்.
"கோட் போட்டாத் தெரியாது மிஸ்."

பதினைந்து.

முன்னேற்றம்: ஆம், இல்லை.
பேனையை எந்தச் சொல்லில் வைப்பதென்று இருக்கையில்
அதே பாட்டு
என் ஒழுங்கைக்குள் திரும்புகிறது.
அதே சுரத்தில் இடறுகிறது.

கணக்குப் போடக்கூடாது.
போட்டுவிட்டேன்.
ஆறு நிமிடம்.
கொட்டாஞ்சேனையில் இந்தப் பக்கம்
ஆறு நிமிடத்துக்குள் மூன்றே ஒழுங்கைகள்.
அறிய எனக்கு உரிமையில்லாத ஒன்று
கையில் சுடுகிறது.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்தாரா என்று
பாண்கார நானாவிடம் கேட்கவில்லை.
ஒரு றாத்தல் வாங்கி
இரண்டுக்குக் காசு கொடுத்தேன்.
"மத்தது யாருக்கு?"
சில்லறை இல்லையெண்டு சொல்ற ஆக்களுக்கு.

சிரித்தார்.
"அப்பிடிப் பாத்தா
முழு ரோடும் அப்பிடித்தான் அக்கா."
கொஞ்சம் யோசித்தார்.
பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள்
ஒரு றாத்தலை மட்டும்
தனியே ஒதுக்கி வைத்தார்,
ஆளைத் தெரிந்தவர்போல.